நீலக் கோட்டை நம்பிய நாள்

எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அந்த வருஷம் பதினெட்டுப் பிள்ளைகள். தாய்மார் கொழுந்து எடுக்கவும் மிளகு ஆயவும் போகுமுன், காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, பின்னேரம் நாலரைக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட நேரத்துக்கு நான் பொறுப்பு. பழைய ஆட்கள் என்னை ஆயம்மா என்பார்கள், இளசுகள் டீச்சர் என்பார்கள். எனக்கு இரண்டும் சரி. நாலரை மணி மட்டும்தான் பிடிக்காது.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. மற்றவர்கள்தான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். நாங்கள் கண்டியில் பார்க்காத டொக்டர் இல்லை, மாத்தளை முத்துமாரியம்மனுக்கு வைக்காத நேர்த்தி இல்லை. பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டோம். அம்மனோடு எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அந்தப் பதினெட்டில் ஒருவன் பதின்மூன்று மாதத்துப் பையன். அவனுக்கு ஏழு மாதமாக இருக்கும்போதே அவன் அம்மா ஓமானுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவ்வளவு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு முறைப்படி போக முடியாது என்பதால், ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேட்டு விசிட் விசாவில் போனவள். அதனால் இடையில் வந்து பார்த்துவிட்டுப் போகவும் அவளுக்கு வழியில்லை. அப்பன் பலாபத்வலையில் ஒரு மிளகுக் கடையில் மூட்டை தூக்குகிறான். அவன் பஸ் பிடித்து மலையேறி வந்துசேர ஆறு மணியாகும். நாலரைக்கு எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு இவனை நான் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கு. பஸ் பிந்தட்டும் என்று நான் நினைத்த நாட்களும் உண்டு. சில நாள் பிந்தவும் செய்தது.

அவள் ஓமானிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். சவர்க்காரம், பால்மா, உடுப்பு, அடியில் ஐந்து பைக்கட் பெம்பர்ஸ். எந்தக் கம்பெனி டயபர் செய்தாலும் எங்களுக்கு அது பெம்பர்ஸ்தான். இந்தப் பைக்கட்டில் அரபு எழுத்து இருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு மஞ்சள் கோடு. நனைந்தால் கோடு நீலமாகும். இதைக் கண்டு தோட்டமே அதிசயப்பட்டது. நான் மட்டும் அசையவில்லை. மடுவத்தில் துணிதான் கட்டுவோம். மூத்திரத்துக்கு ஒரு கறை, வயிற்றால் போனதற்கு வேறு கறை; துவைக்கும்போதே பிள்ளையின் சங்கதி எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். அப்பன் பெம்பர்ஸோடு கொண்டுவந்தால் நான் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் துணி கட்டுவேன். அவள் போனில் கேட்டால், "போட்டேன் தங்கச்சி, நல்லா இருக்கு" என்பேன். தூரத்தில் இருப்பவளிடம் வேறென்ன சொல்ல?

வயிற்றோட்டம் பிடித்த பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்று மாத்தளையில் எங்களுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண் குழி விழுந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா, கடைசியாக எப்போது மூத்திரம் போனது, தண்ணீர் கொடுத்தால் எப்படிக் குடிக்கிறது. கடைசியில் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டு, அது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்க்க வேண்டும். பழக ஒரு ரப்பர் பொம்மை தந்தார்கள். ரப்பர் உடனே படிந்துவிட்டது. எல்லோரும் பாஸ்.

அந்த வியாழக்கிழமை காலை அப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, இராத்திரியிலிருந்து நாலு தரம் வயிற்றால் போயிருக்கிறது, இரண்டு தரம் வாந்தி எடுத்திருக்கிறான், பல் முளைக்கிறது போலிருக்கிறது என்றான். சீனி போட்ட சாயத்தண்ணீர், பாலில்லாத தேத்தண்ணீர், கொடுத்தானாம். டீச்சருக்குத் துணி துவைக்கிற வேலை வைக்க வேண்டாம், பெம்பர்ஸ் போட்டு அனுப்பு என்று அவள் ஓமானிலிருந்து சொன்னாளாம். ஓட்டம் இருக்கிற பிள்ளையை மடுவத்தில் எடுக்கக் கூடாது, அது சட்டம். அப்பனோடு நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டேன். அவனுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்றுதான் எடுத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. பிள்ளை என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினான். மீதிப் பாதி அதுதான்.

மற்றப் பிள்ளைகளை என் உதவியாளரிடம் விட்டுவிட்டு, இவனைப் பக்கத்து அறையில் தனியாக வைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் பெம்பர்ஸைக் கழற்றவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டரில் வயிற்றோட்டத்துக்குத் தருகிற உப்புச்சீனித் தூளான ஜீவனிப் பைக்கட்டைக் கரைத்துக் கரண்டியால் கொடுத்தேன். என்ன குடி! கரண்டியை எடுத்தால் கையைப் பிடித்து இழுத்தான். கோப்பையையே கேட்டான். எனக்குப் பெருமை. இவ்வளவு ஆசையாகக் குடிக்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்படி அடங்காமல் குடிப்பதே உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்பதற்கு ஒரு அடையாளம். எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், நான் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். கொப்பி அலுமாரியில் இருந்தது.

ஒன்பது மணிக்குக் கோடு நீலமாகியிருந்தது. புதிதாக ஒன்று மாற்றினேன். அவசரத்தில் பழையதைச் சுருட்டிக் கூடையில் போட்டேன், விரித்துப் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு மறுபடியும் நீலம், அதையும் மாற்றிச் சுருட்டிப் போட்டேன். பதிவுப் புத்தகத்தில் "மூத்திரம்: நன்றாகப் போகிறது" என்று எழுதி, கீழே கோடும் இழுத்தேன். ஓமானில் இருப்பவளுக்கும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். பயப்படாதே, மூத்திரம் நல்லாப் போகுது, உன் பெம்பர்ஸ் ரொம்பக் கெட்டிக்காரப் பெம்பர்ஸ் என்று பகிடியும் விட்டேன். அவள் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பியிருந்தாள்.

மதியத்துக்குப் பிறகு அவன் தூங்கினான். நல்லதுதானே என்று விட்டேன். இரண்டு மணிக்குக் குடிக்க வைக்கலாம் என்று எழுப்பினால் எழும்பவில்லை. முனகினான், மறுபடி கண்ணை மூடினான். உதட்டில் கரண்டியை வைத்தால் ஜீவனி ஓரமாக வழிந்தது. அப்போதுதான் பெம்பர்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். முழுக்கப் பச்சைத் தண்ணீர். தண்ணீராகப் போனதை எல்லாம் அந்தப் பஞ்சு குடித்துவிட்டு, மேலே உலர்ந்த மாதிரிக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. கூடையில் கிடந்த மற்ற இரண்டையும் எடுத்து விரித்தேன். அவையும் அப்படியே. கோட்டுக்கு மூத்திரமும் ஒன்றுதான், வயிற்றால் போனதும் ஒன்றுதான். எது நனைத்தாலும் அது நீலமாகும். காலையிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு தரம்கூட மூத்திரம் போனதற்கு என்னிடம் அடையாளம் இல்லை.

கண்ணைப் பார்த்தேன், குழி விழுந்திருந்தது. காலையிலும் விழுந்திருக்கும், நான் சிரிப்பைத்தான் பார்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன், அழுதான், கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடித்த துணியின் ஓரம் மாதிரி அது அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். மூன்று சொன்ன பிறகுதான் மெல்லப் படிந்தது.

உதவியாளரிடம் மடுவத்தை ஒப்படைத்து, ஒப்பீசுக்குச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏறினேன். பலாபத்வலையில் கடை வாசலில் நின்ற அப்பனை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போனோம். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வழி முழுக்க ஜீவனியை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த உடனே உள்ளே எடுத்துவிட்டார்கள். சேலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் இரண்டு இடம், காலில் ஒரு இடம் குத்தினார்கள். கடைசியில் கிடைத்தது. குழந்தைகள் வார்ட்டில் பிள்ளையோடு தாய்தான் நிற்கலாம்; ஆம்பிளைகள் பார்வை நேரத்துக்கு வந்து போக வேண்டும். நர்ஸ் சிங்களத்தில் என்னைக் கேட்டார். சிங்களத்திலும் அம்மாவுக்கு அம்மாதான்.

"அம்மாவா?"

அப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"ஓவ், மிஸ்" என்றேன், ஆமாம் என்று.

பெயரைக் கேட்டார். ஓமானில் இருக்கிறவளுடைய பெயரைச் சொன்னேன். பிள்ளையின் கட்டில் தலைமாட்டில் அந்தப் பெயரோடு டிக்கெட்டை, அதாவது நோயாளிச் சீட்டை, தொங்கவிட்டார்கள். அதன்பிறகு நர்ஸ்மார், சாப்பாடு கொண்டுவருகிறவர், கூட்டுகிறவர் எல்லோரும் அந்தப் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு தரம் எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டு முடிக்குமுன் எழுந்து நின்றேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கம்தான், ஆனால் பிடித்திருந்தது. பிள்ளை அந்த நிலையில் கிடக்கும்போது எனக்குள் ஒரு மூலையில் இப்படி ஒரு சந்தோஷம் உட்கார்ந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் தாய், இரண்டு வயது மகளோடு இருந்தாள். அதே வியாதி. நான் பால் கொடுக்காததைக் கவனித்துவிட்டு, பால் மறந்துவிட்டானா அக்கா என்று கேட்டாள். மறந்துவிட்டான் என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றித் தந்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு அவன் கண்ணைத் திறந்து என் மூக்கைப் பிடித்தான். சேலைனோடு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி ஜீவனியும் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பத்து மணி இருக்கும், மடியில் வைத்திருந்தபோது திடீரென்று சூடாக இருந்தது. சேலை முழுக்க மூத்திரம். நல்ல மஞ்சள், நல்ல வாடை. நான் "மிஸ், மிஸ்" என்று கத்தியதில் இரண்டு நர்ஸ்மார் ஓடிவந்தார்கள். என்ன ஏதென்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி, எந்தத் தாயும் சேலை நனைந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை என்று கேலி செய்தாள். தாய் என்றுதான் சொன்னாள்.

அதன்பிறகு எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. கண் நிரம்பியது. நாக்கு ஈரமானது. ஊசியைச் சரிசெய்ய நர்ஸ் வந்தபோது அழுது, கன்னம் முழுக்கக் கண்ணீர் வடித்தான். வயிற்றைக் கிள்ளி விட்டால் ஒன்று சொல்லுமுன் தோல் படிந்தது. நான் வேண்டுமென்றே அடிக்கடி கிள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் சந்தோஷம். ஆனால் அவன் தேறத் தேற நான் மடுவத்து டீச்சர் ஆகிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்குப் போனால் மறுபடி ஏழு மணி, நாலரை மணி, பஸ் வந்தால் முடிந்தது.

சனிக்கிழமை காலை டொக்டர் வந்தார். வயிற்றைத் தட்டினார், கண்ணைப் பார்த்தார், தோலைக் கிள்ளினார். நன்றாக இருக்கிறான் என்றார். நேற்று மத்தியானத்திலிருந்து எத்தனை தரம் வயிற்றால் போனது என்று கேட்டார். ஒரே ஒரு தரம்தான் போயிருந்தான், அதுவும் கெட்டியாக.

"மூணு தரம்" என்றேன். "தண்ணியா."

என் வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். டொக்டர் புருவத்தைச் சுருக்கி, அப்படியானால் இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்று டிக்கெட்டில் எழுதினார். பக்கத்துக் கட்டில்காரி தலையைத் திருப்பிக்கொண்டு தன் மகளின் தலையைச் சீவினாள். நான் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், தெருவில் போகிற பஸ்களைக் காட்டினேன். ஒரு முழு நாள் கிடைத்திருந்தது.

மத்தியானப் பார்வை நேரத்துக்கு அப்பன் வந்தான். இன்றைக்கும் விடமாட்டார்கள் என்றதும் முகம் கறுத்துப்போனான். பெண்சாதிக்கு இன்று வீட்டுக்குப் போய்விடுவோம் என்று சொல்லியிருக்கிறான். அவளிடம் சொல்லத் தனக்குத் தைரியமில்லை என்று, வீடியோ கோல் எடுத்துப் போனை என் கையில் தந்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவள் ஒரு பெரிய குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்று நாளாக அழுத முகம். வீட்டுக்கார அம்மா பக்கத்து அறையில் இருப்பதால் மெதுவாகப் பேசினாள். ஏன் விடவில்லை, என்னிடம் எதையாவது மறைக்கிறீங்களா என்று கேட்டாள். மூன்று தரம் போனதாக டொக்டரிடம் சொன்ன அதே வாயால், அவனுக்கு ஒன்றுமில்லை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. பிள்ளையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கண்ணைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள், நாக்கைக் காட்டச் சொன்னாள், வயிற்றைக் கிள்ளிக் காட்டச் சொன்னாள். எல்லாம் காட்டினேன். பிள்ளை போனின் மூலையில் தன் முகத்தையே கண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியும் அவளுக்கு ஆறவில்லை.

"டீச்சர், அவன இடுப்புல வச்சுக்கிட்டு நில்லுங்க" என்றாள். "பாரமா இருக்கானா?"

காலையில் நிறுத்தார்கள், எட்டரைக் கிலோ, குறைந்தது எல்லாம் ஏறிவிட்டது என்றேன்.

"கிலோ வேணாங்க. இங்க மாவு மூட்ட தூக்குறேன், அதும் கிலோதான். இடுப்புல வச்சா எப்புடி இருக்கான்னு சொல்லுங்க. போன்ல எல்லாம் பாத்துக்கிறேன் டீச்சர், அது ஒன்னுதான் தெரிய மாட்டேங்குது."

போனைக் கட்டில் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அவனை இடது இடுப்பில் வைத்தேன். இத்தனை மாதம் தூக்கியிருக்கிறேன், யாரும் இப்படிக் கேட்டதில்லை. தெரிந்ததைச் சொன்னேன். ஒரு கால முன்னாலயும் ஒரு கால பின்னாலயும் போட்டு இறுக்கிக்கிறான். நேரா இருக்க மாட்டான், வெளிப்பக்கம் சாஞ்சு சாஞ்சு பாப்பான், நாமதான் முதுகுல கை வச்சுக்கணும். கொஞ்ச நேரத்துல நம்ம தோள் இறங்கிரும். அவன் தலையச் சாய்ச்சா, கழுத்துக்குக் கீழ, இந்த இடத்துல சூடா இருக்கும்.

போனைப் பார்த்தேன். ஓமானில், அந்தக் குசினியில், அவள் இடது இடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி, ஒரு தோளை இறக்கி, கையை வளைத்துக்கொண்டு நின்றாள். வளைத்த கைக்குள் எதுவும் இல்லை. தான் அப்படி நிற்பது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனை வைக்காமலே ஓடினாள். கொஞ்ச நேரம் வெறும் குசினிச் சுவர்தான் தெரிந்தது.

எனக்கு என்மேல் வந்த அருவருப்பை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு நாள் திருடினேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது யாருடைய நாள் என்று யோசிக்கவில்லை. அவள் திரும்பி வரட்டும் என்றுகூட நிற்காமல், அவனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நர்ஸ் மேசைக்குப் போனேன். காலையில் சொன்னது பொய், நேற்றிலிருந்து ஒரு தரம்தான் போனான், கெட்டியாகத்தான் போனான் என்றேன். நர்ஸ் எதற்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டார். நான் இவன் அம்மா இல்லை மிஸ், அவள் ஓமானில் இருக்கிறாள், இவனை வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன்.